அந்தக் கோணப் படம் பொய்ங்க

ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளி ஆண்டு விழாவில் நடந்ததைப் பாதிப் பேர் வீடியோவிலேயே பார்த்துவிட்டீர்கள், முழுக்கச் சொல்லவில்லை. 1இல் ஒரு கோணம், 2இல் இரண்டு கோணம், இப்படி எந்த எண்ணோ அத்தனை கோணம் வருகிற மாதிரி பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை ஒருத்தர் வரைந்தார், எண்களுக்கு இந்த வடிவம் வந்ததே இப்படித்தான் என்று பேச்சாளர் திரையில் படம் காட்டினார், பிள்ளைகள் கை தட்டினார்கள். முடிந்ததும் போய், "ஏனுங்க சார், அது சரியில்லைங்களே" என்றேன். அதற்குத்தான் வாட்ஸப் குழுவில் இன்னும் என்னை வறுக்கிறார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், அந்தப் படம் பொய். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் யாரும் அப்படி எண் எழுதியதில்லை. அதிலுள்ள 7ஐப் பாருங்கள், ஏழு கோணம் வரவேண்டுமே என்று நடுவில் ஒரு கோடும் அடியில் ஒரு கோடும் ஒட்டவைத்திருக்கிறார்கள். 9க்கு வாலை மடக்கி மடக்கி விட்டிருக்கிறார்கள்.

உண்மை என்னவென்றால், மகாராஷ்டிராவில் நானேகாட் குகையில், ஈராயிரம் வருடத்துக்கு முன்பு பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டில் ஒன்றுக்கு ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு. கையை எடுக்காமல் அந்த இரண்டு கோட்டையும் வேகமாக எழுதிப் பாருங்கள், 2 வந்துவிடும். மூன்று கோடு போட்டால் 3. நாலு அந்தக் காலத்தில் கூட்டல் குறி மாதிரி இருந்தது. குவாலியர் கோயிலில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 சுழியோடு, அதாவது பூச்சியத்தோடு, வெட்டியிருக்கிறது. ஆனால் ஸ்பெயினில் 976இல் எழுதிய கையெழுத்துப் பிரதியில் 1 முதல் 9 வரைதான் உண்டு, சுழி இல்லை. நூறு வருடம் கழித்தும் அங்கே சுழி இல்லை என்றால், ஒரே ஆள் உட்கார்ந்து கோணம் எண்ணி பூச்சியத்திலிருந்து ஒன்பது வரை வரைந்தார் என்பதை எப்படிங்க நம்புவது?

"பிள்ளைங்க மனசுல நிக்குதே, விடுங்க" என்கிறார்கள். பொய்யும் மனதில் நிற்கும், அதுதான் என் பயமே.

இன்னொருவர், "தமிழ் ௨தான் 2 ஆச்சுன்னு சொல்லியிருக்கலாமே, நீயெல்லாம் தமிழனா" என்று கேட்டார். இதுதான் ரொம்ப வலித்தது. சொல்ல மாட்டேன். ௨உம் 2உம் பங்காளிகள், இரண்டுக்கும் மூலம் அந்தப் பிராமிக் கோடுகள். தமிழுக்குப் பெருமை சேர்க்கப் பொய் எதற்கு?

எங்கள் அப்பாரு களத்துக் கணக்கு நோட்டு வைத்திருந்தார். எத்தனை வள்ளம் கம்பு, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் தமிழ் எண்ணில்தான். 365 என்றால் ௩௱௬௰௫, மூன்று நூறு ஆறு பத்து ஐந்து என்று வாயால் சொல்கிற வரிசையிலேயே இருக்கும். நூறுக்கும் பத்துக்கும் தனிக் குறி இருந்ததால் சுழியே வேண்டியிருக்கவில்லை. கால், அரைக்கால், மாகாணி (பதினாறில் ஒன்று) எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதிப் பழகிய கை அது. போன தீபாவளிக்கு அண்ணன் மகன் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "ஏனுங் சித்தப்பா, கணக்கு நோட்டுல எதுக்கு க, உ-னு எழுதியிருக்காங்க?" என்றான். பன்னிரண்டாம் வகுப்பு, கணக்கில் நல்ல மார்க். அது எழுத்தல்ல, தமிழ் எண் ௧, ௨ என்று அவனுக்கு யாருமே சொல்லவில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணலில் தமிழ் பிராமி கீறிய பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. இங்கே வந்து பிள்ளைகளிடம் எழுத்தையும் எண்ணையும் பற்றிப் பேசுகிறவருக்கு அதில் ஒன்றைக்கூடத் திரையில் காட்டத் தோன்றவில்லை, எவனோ இணையத்தில் வரைந்து விட்டதுதான் கிடைத்தது. எனக்கு ஆறவே இல்லை.

"பெரிய மனுசனை அவமானப்படுத்திட்டே" என்கிறவர்களுக்கு: மைக்கில் பேசவில்லை, மேடையிலும் ஏறவில்லை, தனியாகப் போய் மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் முகம் சுளித்தால் நான் என்ன செய்யட்டும்?

நேற்று ஐந்தாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி அந்தக் கோணப் படத்தைச் சார்ட்டில் வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், குழுவில் எல்லாரும் கை தட்டுகிறீர்கள். அதை முதலில் கழற்றுங்கள். பாப்பாவை ஒன்றும் சொல்லிவிடாதீங்க, அவள் கேட்டதைத்தான் வரைந்தாள். நானேகாட் கோடுகளை அவளுக்கு நானே வந்து எழுதிக் காட்டுகிறேன், வரச் சொன்னால்.