நெல்லிச்சாறு குடித்தால் பூச்சிமருந்து விந்தணுவைத் தொடாதா?

"மருந்தடிக்கும் முன் ஒரு டம்ளர் நெல்லிச்சாறு குடித்தால் விந்தணுவுக்கு ஒன்றும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கொடுத்த எலிகளுக்கு வைட்டமின் இ போன்ற ஆன்டிஆக்சிடன்ட்களை (செல் சேதத்தைக் குறைக்கும் சத்துகள்; நெல்லியிலும் உண்டு) அளந்து கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது, அவ்வளவுதான். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழந்தைப்பேறு தள்ளிப்போன ஆண்கள் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரையை 3 மாதம் எடுத்தும், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட விந்தணு அசைவு கூடவில்லை.

1977-இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிலாளர்கள் சிலருக்கு விந்தணுவே அற்றுப்போனது. உற்பத்தி செய்யும் செல்லே செத்தபின் சாறு எதை மீட்கும்?

மருந்து அதிகம் ஏறுவது தோல்வழி. அதுவும் கலக்கும்போது, நீர் சேராத மருந்து கையில் பட்டு. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். டேங்க் கசிந்து முதுகு நனைந்தால் வேலை முடியட்டும் என்று இருக்காமல் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகும். இன்றைய பாதிப்பு பரிசோதனையில் தெரிய 2, 3 மாதம் பிடிக்கலாம்.