இன்னும் ஒரு பத்தாயிரம்

ஞாயிற்றுக்கிழமை நம் விவசாயிகள் சங்கப் பொதுக்குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு அதற்குள் வாட்ஸ்அப்பில் வீடியோவே போய்ச் சேர்ந்துவிட்டது. விருந்தினர் பென்டிரைவில் கொண்டுவந்த ட்ரோன் படங்களைத் திறக்க முடியாமல் என் சின்ன லேப்டாப் திணறி நின்றது. மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர், "என்னம்மா இது, பிள்ளைங்க விளையாட்டுச் சாமானா? இன்னும் ஒரு பத்தாயிரம் போட்டு நல்லதா வாங்கக் கூடாதா?" என்றார். மண்டபம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன். வேறென்ன செய்வது, புரொஜக்டர் ஒயர் என் கையில் இருந்தது.

சிரித்தது கூடப் பரவாயில்லை. அந்த "இன்னும் ஒரு பத்தாயிரம்"தான் மனதில் கிடந்து அறுக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறை எல்லாம் தெரிந்துதான் அதை வாங்கினேன். 11.6 அங்குலத் திரை. 4 ஜிபி ராம், அதையும் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள், பிறகு கூட்டிக்கொள்ள வழியில்லை. சேமிப்பு 64 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும். திறந்து பார்த்தால் 58தான் காட்டும், அதிலும் பெரும்பங்கு விண்டோசுக்கே போய்விடும். மலிவான செலரான் சிப், இரண்டே கோர். பெரிய அப்டேட் வந்தால் இடமில்லை என்று மூக்கால் அழும். கூடுதல் இடத்துக்குப் பென்டிரைவைச் செருகிவிட்டு, சோற்றை வடித்து, குழம்பு வைத்து இறக்கிய பிறகு வந்து பார்த்தால் பாதி முடிந்திருக்கும். வெயிலில் திரை தெரியாது. களத்தில் எடை போடும்போது நான் பூவரச நிழலைத் தேடி ஓடுவதை நம் ஊரே பார்த்திருக்கிறது. கடைக்காரத் தம்பியே, "அக்கா, எக்ஸெலும் பிரவுசரும் ஒன்றாகத் திறந்தால் மெதுவாகும், பிறகு என்னைத் திட்டக் கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். திட்டவில்லை. தெரிந்துதான் வாங்கினேன்.

சங்கத்தில் என் வேலை என்ன? உறுப்பினர் பட்டியல், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு எண், யாருக்கு எத்தனை சிப்பம் (நெல் மூட்டை), ஈரப்பதம் எவ்வளவு என்று ஒரு எக்ஸெல் தாள். பயிர்க் காப்பீட்டுக்கான விவரங்கள். ஆட்சியர் அலுவலகத்துக்குத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டிய நாலு மனு. இவ்வளவுதான். இதற்கு அந்தச் சாமான் போதும். ட்ரோன் படம் காட்டுவதற்காக அதை வாங்கவில்லை. நாற்றுப் பறிக்கப் போகிறவளைப் பார்த்து ஏன் பட்டுச்சேலை கட்டவில்லை என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மன்னார்குடியிலிருந்து திருமக்கோட்டை பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறிப் பாருங்கள், அந்த எடைக்கு என்ன மதிப்பு என்று தெரியும். இன்னொன்று, அதில் விசிறி கிடையாது. சத்தமும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் தூற்றும்போது பறக்கிற பதரும் தூசியும் விசிறி வைத்த லேப்டாப்புக்குள் போய் அடைத்துக்கொண்டால் அது சூடேறி, இரைந்து, கடைசியில் சர்வீஸ் கடைக்குப் போகும். என்னுடையது மே மாதச் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. மே மாதத்தில் நாமும் அப்படித்தானே.

சரி, அந்தப் பத்தாயிரத்துக்கு வருவோம். 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். அப்படியென்றால் 40 கிலோ சிப்பம் ஒன்று 1,000 ரூபாய். ஆக, "இன்னும் ஒரு பத்தாயிரம்" என்பது பத்துச் சிப்பம் நெல். கொள்முதல் நிலைய வாசலில் படுதாவைப் போர்த்திக்கொண்டு ராத்திரி காவல் கிடந்து, 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி கொண்டுபோய்க் கொட்டுகிற நெல்லில் பத்துச் சிப்பம். இதெல்லாம் மேடையில் இருந்தவருக்குத் தெரியாததல்ல. அவருக்கும் நிலம் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொகையை டீக்கடையில் சில்லறை கேட்கிற மாதிரி எவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது பாருங்கள். 18,000 ரூபாய்க்கு வாங்கியதையே நான் தவணையில்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உடனே வருவார்கள். "அதே விலைக்குப் பழைய ஆபீஸ் லேப்டாப் கிடைக்குமே, ஐ5 சிப், 8 ஜிபி ராம், வேகமான எஸ்எஸ்டி சேமிப்போடு." கிடைக்கும். வேகமும் கூடுதல்தான், மறுக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். நான் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிப் போய் அதை வாங்கிவந்து, அடுத்த மாதம் பேட்டரி போனால் மறுபடி ரயிலேற வேண்டும். வேண்டாம் சாமி. "போனே போதுமே" என்பவர்கள், நானூறு வரிசையும் பதினைந்து பத்தியும் உள்ள தாளைப் போனில் ஒருநாள் திருத்திவிட்டு வந்து பேசவும். சின்னத் திரை கண்ணுக்குக் கெடுதல் என்ற அண்ணனுக்கு நன்றி, கண்ணாடி ஏற்கெனவே போட்டிருக்கிறேன்.

"நெட்புக் எல்லாம் செத்துப்போய்ப் பல வருஷமாச்சு" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இந்த மாதிரிச் சின்ன, மலிவு லேப்டாப்புக்குத்தான் அந்தப் பெயர். எனக்கும் தெரியும் தம்பி. 2007-இல் ஆசுஸ் 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்போடு ஈ பிசியைக் கொண்டுவந்தது. அடுத்த வருடம் இன்டெல் ஆட்டம் சிப் வந்ததும் ஆளாளுக்கு ஒன்று செய்தார்கள். 2010-இல் ஐபேட் வந்த பிறகு மெல்ல அடங்கிப்போயிற்று. படம் பார்க்க வாங்கியவர்கள் டேப்லட்டுக்குப் போய்விட்டார்கள். கணக்கு எழுத வேண்டியவர்கள் எங்கே போவது? 2011-இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோதும் "இந்தப் பிள்ளைகளுக்கு எதற்கு" என்று இதே குரல்தான் கேட்டது. என் அக்கா மகன் அதில்தான் டாலி என்ற கணக்கு மென்பொருளைப் படித்தான். இன்று அவன் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடுகிறது.

கஜா புயல் வந்தபோது, 2018 நவம்பர் 16, எங்கள் பக்கமெல்லாம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னை விழுந்த கணக்கெடுக்க உட்கார்ந்தோம். அண்ணனின் பெரிய லேப்டாப், பளபளவென்று, 15 அங்குலத் திரை. அரை மணி நேரம் ஓடும், அப்புறம் கருத்துவிடும். ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் செல்போனோடு ஜனம் வரிசையில் நின்றது; அங்கே போய் லேப்டாப்பை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கரண்ட் வந்த பிறகு மறுபடி தட்டினோம். அன்றைக்கு முடிவு செய்ததுதான், எனக்கு வேகம் வேண்டாம், நேரம் வேண்டும். இப்போதிருப்பது வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் ஆறு மணி நேரம் நிற்கிறது. பவர் பேங்கிலும் சார்ஜ் ஏறுகிறது. இதை அந்த மைக்கில் சொல்ல எனக்கு யாராவது ஒரு நிமிடம் கொடுத்தார்களா?

இதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். சென்ற வருடப் பொதுக்குழுவில் அலுவலகத்துக்கு ஒரு கணினி வாங்கலாம் என்று தீர்மானம் வந்தது. "இப்ப என்ன அவசரம், அதான் பொண்ணு வீட்லேர்ந்தே செஞ்சு தருதே" என்று சொல்லி அதை ஒத்திவைத்தது யார் என்பது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியது நான்தான். என் காசில் வாங்கி, என் வீட்டு கரண்டில் சார்ஜ் போட்டு, என் நெட்டில் அனுப்பி, அந்தச் சாமானை உங்கள் விருந்தினருக்காகத் தூக்கிக்கொண்டும் வந்தேன். அதற்கு இன்னும் பத்தாயிரம் நான் போட வேண்டுமாம். நான் ஆண்பிள்ளையாக இருந்து, சென்னையிலிருந்து வந்திருந்தால் "தம்பி சிம்பிளா இருக்காரு" என்றிருப்பார்கள். போகட்டும்.

இன்பாக்ஸில் மாடல் கேட்ட பெண்களுக்கு: கம்பெனி பெயரை விடுங்கள், கடையில் நாலு விஷயம் கேளுங்கள். பின்னால் எஸ்எஸ்டி சேர்க்க இடம் இருக்கிறதா, டைப்-சியில் சார்ஜ் ஏறுமா, ஏறினால் பி.டி. (பவர் டெலிவரி) என்று போட்ட பவர் பேங்க் வேண்டும். விண்டோஸ் எஸ் மோடில் வந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இல்லாத வெளி மென்பொருள் ஏறாது. அதை நீக்கக் காசில்லை, ஆனால் நீக்கினால் மறுபடி அந்த மோடுக்குப் போக முடியாது. "ஆபீஸ் ஃப்ரீ" என்றால் ஒரு வருடத்துக்கா, ஆயுளுக்கா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு வருடம்தான். முடிந்ததும் இலவசமான லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்ளலாம். நம் கணக்குத் தாள் அதிலும் திறக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.