சறுக்கி வீட்டுக்கு வந்தவன்

சனிக்கிழமை நம் டர்பன் சங்க மண்டபத்தில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அது வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மைக் பிடித்திருந்த அண்ணன் என் அக்கா மகனை மேடைக்குக் கூப்பிட்டு, "ஐஸ் மேல சறுக்கிக்கிட்டே ஐரோப்பாவுக்குப் போனான், சறுக்கிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டான்" என்றார். சபை சிரித்தது. மேடையில் நின்றவன் வேறு என்ன செய்வான், அவனும் சிரித்தான். ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறவில்லை. எழுதுகிறேன்.

அவன் தோற்றுத் திரும்பி வரவில்லை. வேலை முடிந்து வந்திருக்கிறான். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பராக அவன் ஐரோப்பாவில் ஆடியது சின்ன லீக்குகளில். சின்ன லீக் என்றால் என்ன என்று சிரித்தவர்களுக்குத் தெரியுமா? கிளப் ஒரு ஃபிளாட் கொடுக்கும், அதையும் இன்னொரு ஆட்டக்காரனோடு பங்கு போட வேண்டும். சீசன் நடக்கும் மாதங்களுக்குச் சம்பளம் வரும். மார்ச்சில் சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. கோடையில் கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டே அடுத்த ஒப்பந்தத்துக்கு இவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதுவும் கோல்கீப்பர் என்றால் இன்னும் மோசம். ஆட்டத்தில் ஒருவன்தான் நிற்பான், மற்றவன் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுவான். முதல் சீசனில் பாதியை அப்படிக் கதவு திறந்தே கழித்தான். அப்படியும் காலையில் பயிற்சிக்குப் போய், பந்துக்குப் பதிலாக ஆடும் பக்கை, அதாவது உறைய வைத்த கெட்டி ரப்பர் வட்டை, சுமார் 170 கிராம் எடை, நெஞ்சிலும் தோளிலும் வாங்கிக்கொண்டான். பெரிய ஆட்டக்காரர்கள் அடித்தால் அது மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். இவனுக்கு அடித்தவர்கள் அவ்வளவு பெரியவர்கள் இல்லைதான். ஆனால் தொடையில் விழுந்த நீலத் தழும்பு எந்த லீக் என்று கேட்டுக்கொண்டு வராது.

சம்பளம், ஒப்பந்தம், முதலாளி, அடி. இது வேலை இல்லை என்றால் எது வேலை?

"என்.எச்.எல்.-ல ஆடினானா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்வி. வட அமெரிக்காவின் அந்தப் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கின் பெயர் தெரிந்திருப்பதே பெரிய விஷயம். சரி, அங்கிருந்தே பேசுவோம். நம் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் 1970-ல் பிறந்தவர் ஓலாஃப் கோல்சிக், அவரும் கோல்கீப்பர். பெற்றோர் ஜெர்மானியர்கள், வளர்ந்தது கனடாவில். 1989-ல் இளம் ஆட்டக்காரர்களை என்.எச்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே, 19-வது ஆளாக எடுத்தது. உடனே நட்சத்திரம் ஆகிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நிரந்தர இடம் பிடிக்க 1997 வரை ஆனது. இடையில் பெரும்பகுதி சின்ன லீக்தான்: பால்டிமோர், ஹாம்ப்டன் ரோட்ஸ், ரோசெஸ்டர், போர்ட்லண்ட். 1997 சீசனின் முதல் ஆட்டத்தில் முதல் கோல்கீப்பர் பில் ரான்ஃபோர்டுக்கு அடிபட்டது, இவர் உள்ளே வந்தார். அந்த சீசனிலேயே அணி என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிக்குப் போனது. இறுதியில் டெட்ராய்ட்டிடம் நாலுக்கு நாலும் தோற்றார்கள், அது வேறு கதை. 2000-ல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது. மொத்தம் 303 வெற்றி.

இப்போது சொல்லுங்கள். 1995-ல் கோல்சிக் ஒரு விடுமுறைக்கு நம் மண்டபத்துக்கு வந்திருந்தால் அவரையும் சறுக்கி வந்தவர் என்றுதானே அறிமுகப்படுத்தியிருப்போம்?

"எல்லாரும் கோல்சிக் ஆக முடியுமா?" என்று அடுத்து வருவீர்கள். முடியாது. அதைத்தான் நானும் சொல்கிறேன். ராபின் பாவாவை எத்தனை பேருக்குத் தெரியும்? கனடாவில் டங்கன் என்ற ஊரில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை. இந்திய வம்சாவளியில் என்.எச்.எல்.-ல் இறங்கிய முதல் ஆள், 1989-ல். மொத்தம் ஆடியது 61 ஆட்டம். இன்று ஒரு சீசனுக்கே எண்பதுக்கு மேல் ஆட்டம். ஒரு சீசன்கூட நிறையாத கணக்கு அது. அவர் சறுக்கியவரா? டேவிட் ஏயர்ஸ் என்று ஒருவர். வயது 42, சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், ஐஸை மட்டம் பண்ணும் வண்டியை ஓட்டியவர். 2020 பிப்ரவரியில் டொரண்டோவில் கரோலினா அணியின் இரண்டு கோல்கீப்பர்களுக்கும் அடிபட, அவசரத்துக்கு அவரை இறக்கினார்கள். எட்டு பக்கைத் தடுத்தார், அணி 6-3 என்று ஜெயித்தது. அவருடைய மொத்த என்.எச்.எல். வாழ்க்கையும் அந்த ஒரே ஆட்டம்தான். அன்று அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நம் மண்டபமாக இருந்தால் மைக்கில் ஒரு ஜோக் வந்திருக்கும்.

"தமாஷுக்குச் சொன்னதை ஏன் பெரிசாக்கறே?" இந்தக் கேள்வி என் இன்பாக்ஸில் நிறையவே வந்திருக்கிறது. தமாஷ் என்றால் எல்லாரையும் வைத்துத்தானே தமாஷ்? டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை முதல் வருடம் பாஸ் ஆனதுமே மாலை, சால்வை, குத்துவிளக்கு ஏற்ற அழைப்பு. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களை மேடையேற்றி "ஸ்டெதஸ்கோப்போடு வீட்டுக்கு வந்துட்டான்" என்று சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள், சொல்லவும் கூடாது. அப்பா அம்மா மனசு நோகும் என்று தெரியும். என் அக்காவுக்கும் மனசு இருக்கிறது. அன்று அவள் சாப்பாட்டுக்கு உட்காராமலே கிளம்பிவிட்டாள், பார்த்தீர்களா?

"பணத்தைக் கொட்டினீர்களே?" எங்கள் பணம். அடுத்தது.

"வெள்ளைக்காரன் விளையாட்டு, ஐஸே இல்லாத ஊரு, நமக்கு எதுக்கு?" கிரிக்கெட் மட்டும் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் கண்டுபிடித்ததா? நம் டர்பன் பிள்ளை செனுரன் முத்துசாமி 2019-ல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடியபோது "நம்ம பையன்" என்று எத்தனை ஸ்டேட்டஸ்! அதன் பிறகு அவர் வருடக்கணக்கில் அணிக்கு வெளியே இருந்தாரே, அப்போது அந்த ஸ்டேட்டஸ் எல்லாம் எங்கே போயின? ஐஸ் இல்லாத ஊர் என்பதற்கும் பதில் உண்டு. தென்னாப்பிரிக்கா சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்தது 1937-ல். உலகப் போட்டியில் முதலில் ஆடியது 1961-ல். அந்த அணியில் நம் ஆட்களுக்கு இடமே கிடையாது, அன்றைய வெள்ளையர் நிறவெறி ஆட்சி அப்படி. ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், இருந்தது, நாம்தான் வெளியே நின்றோம்.

வெளியே நின்றவர் என்றால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். வாரம் முழுக்க சட்டை ஃபேக்டரி, சனி ஞாயிறு டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பந்து. முழங்காலில் ஒரு பெரிய தையல் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் அதைத் தொட்டு எண்ணுவேன். தேசிய அணிச் சட்டையை அவர் போட்டதில்லை, போட விடவும் இல்லை. அவரிடம் யாரும் "பெரிய டீமுக்கு ஏன் போகலே?" என்று கேட்டதில்லை, காரணம் எல்லாருக்கும் தெரியும். அப்பா காலமானபோது இதே அண்ணன்தான் மைக் பிடித்து "கரீஸ் ஃபவுண்டனின் வீரர்" என்று அழகாகப் பேசினார். நாங்கள் அழுதோம். அப்பா ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை அண்ணே. அது உங்களுக்கும் தெரியும். கதவு சாத்தியிருந்த காலத்து ஆளை மட்டும் வீரர் என்பீர்கள், கதவு திறந்ததும் உள்ளே போய் ஆடிவிட்டு வந்த பேரனைப் பார்த்துச் சிரிப்பீர்களா?

அந்தத் தாத்தாதான் பேரனை முதலில் ரிங்க்குக்குக் கூட்டிப் போனவர். டர்பன் வெயிலில் ரெண்டு ஸ்வெட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போவார், உள்ளே போனதும் போட்டுக்கொள்வார். பகலில் பிறந்தநாள் கூட்டம், டான்ஸ் வகுப்பு. எல்லாம் முடிந்து இரவில்தான் ஹாக்கிக்கு நேரம் கிடைக்கும். மழைக்கால இரவுகளில் ஐஸ் மேல் மூடுபனி கிளம்பி எதிர்க் கோல் தெரியாது. காலில் கட்டும் மெத்தை மாதிரியான பேட், கையுறை எல்லாம் யாரோ ஆடிப் பழசானது. நனைந்து கனத்த அந்த இரண்டு கால் பேடையும் அக்கா கொடியில் போட, கொடி அறுந்து புடவைகளோடு மண்ணில் விழுந்தது. பக்கத்து வீட்டு ஆயா வேலி மேல் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மெத்தையத் துவைச்சியா? நாத்தம் இங்க வரைக்கும் வருது" என்றார். நாற்றம் உண்மைதான். அந்த மூட்டையை நம் காரில் ஏற்றினால் ஒரு வாரம் ஜன்னலைத் திறந்தே ஓட்ட வேண்டும். ஆனால் ஆயா அடுத்த வாரமே தன் வீட்டு இரும்புக் கம்பியைக் கொண்டு வந்து கட்டிக் கொடுத்தார். அந்த ஆயாவுக்கு ஹாக்கி தெரியாது, என்.எச்.எல். தெரியாது. மண்டபத்தில் பேசிய நமக்குத்தான் எல்லாம் தெரியும்.

இன்னும் ஒருவர் எழுதியிருந்தார்: "அவனே ஒண்ணும் சொல்லலை, உனக்கு என்ன வலிக்குது?" ஆமாம், அவன் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி, விடுங்க என்றுதான் சொன்னான். வலது இடுப்பு தேய்ந்துபோய், டாக்டர் போதும் என்று சொன்ன பிறகும் ஒரு சீசன் ஆடியவன் அவன். கோல்கீப்பர் நாள் முழுக்க முழங்கால் மடித்து ஐஸில் விழுந்து எழுகிறவன், இடுப்புதான் முதலில் போகும். அதையும் மேடையில் சொல்லவில்லை. அவன் பொறுத்துக்கொள்வான், அவன் தொழில் அப்படி. எனக்கு அந்தத் தொழில் இல்லை.

வேலை முடிந்து வந்தவனை வேலை முடிந்து வந்தவன் என்று சொல்லுங்கள். முப்பது வருடம் ஃபேக்டரியில் இருந்து ஓய்வு பெற்றவரை அப்படித்தானே சொல்கிறோம்? ஆட்டக்காரனுக்கு அந்த ஓய்வு முப்பது வயதுக்குள்கூட வந்துவிடலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. மேடையில் நடந்ததை யாரோ ஃபோனில் எடுத்து, சிரிக்கும் முகங்களை ஒட்டிச் சங்கத்தின் குழுவில் போட்டிருக்கிறார்கள். எடுத்துவிடுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமையே கேட்டேன். பார்த்தார்கள், ரெண்டு நீலக் கோடும் விழுந்தது, வீடியோ அங்கேயே இருக்கிறது. நீங்கள் அதை எடுக்கும்வரை இந்தப் பதிவும் இங்கேயே இருக்கும். ஃபோன் பண்ணி எடுக்கச் சொல்ல வேண்டாம் அண்ணே.