அரபுகளைத் துரோகிகள் என்பவர்களுக்கு

பாலஸ்தீனம் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதம் தவறாமல் எழுகிறது. முதல் உலகப் போரில், தங்களை ஆண்ட உதுமானியத் துருக்கியரின் முதுகில் குத்தியவர்கள்தானே அரபுகள், அதன் பலனை இப்போது அனுபவிக்கிறார்கள் என்று. இப்படிச் சொல்பவர்களில் எனக்கு வேண்டியவர்களும் உண்டு. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், இது நியாயமில்லாத பேச்சு. வஞ்சகம் நடந்தது உண்மை. அது உருவானது கெய்ரோவிலும் லண்டனிலும், பிரிட்டிஷ் அதிகாரிகளின் மேசைகளில்.

1914 நவம்பரில் உதுமானிய சுல்தான் ஜிஹாத் அறிவித்ததும் பிரிட்டனுக்குக் கலக்கம். இந்தியாவில் மட்டும் கோடிக்கணக்கான முஸ்லிம்கள் அவர்கள் ஆட்சிக்குக் கீழே இருந்தார்கள். கலீஃபாவான சுல்தானின் அழைப்புக்கு மக்காவும் குரல் கொடுத்துவிட்டால் என்ன ஆவது? மக்காவின் அமீர் ஷரீஃப் ஹுசைனோ நபியின் வழித்தோன்றல். தன்னைப் பதவியிலிருந்து இறக்க இஸ்தான்புல் ஆட்சியாளர்கள் வழி பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு ஏற்கனவே இருந்தது. ஆக, இரண்டு பக்கமும் தேவை இருந்தது.

1915 ஜூலையில் ஹுசைன் எழுதிய கடிதத்தில் மழுப்பல் எதுவும் இல்லை. வடக்கே மெர்சினிலிருந்து பாரசீக எல்லை வரை, தெற்கே ஏடன் நீங்கலாக, அரபு நிலம் முழுவதற்கும் சுதந்திரம் கேட்டார். பதில் எழுதியவர் எகிப்தில் பிரிட்டனின் ஹை கமிஷனராக இருந்த ஹென்றி மெக்மஹோன். நமக்குத் தெரிந்த பெயர்தான். இந்திய-சீன எல்லையில் மெக்மஹோன் கோடு இருக்கிறதே, அதே ஆள். எல்லை பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை என்று முதலில் தட்டிக்கழித்தார்.

பிரிட்டிஷார் மனம் மாறியதற்குக் காரணம், கல்லிபோலி போர்முனையில் துருக்கிப் படையிலிருந்து தப்பி வந்த ஓர் இளம் அதிகாரி. மோசூலைச் சேர்ந்த அல்-ஃபாரூக்கி. அரபு அதிகாரிகளின் ரகசியச் சங்கம் ஒன்று பெரும் பலத்தோடு இருக்கிறது, நீங்கள் சீக்கிரம் பதில் சொல்லாவிட்டால் ஜெர்மானியர் பக்கம் போய்விடுவார்கள் என்று கெய்ரோவில் சொன்னார். சங்கம் இருந்தது உண்மை, அவர் சொன்ன பலம்தான் மிகை. அங்கே பிரிட்டிஷ் உளவுத்துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் கிளேட்டன் அதை நம்பி மேலே அனுப்பினார். கல்லிபோலியில் பிரிட்டனின் தோல்வி கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு தனி மனிதனின் பேச்சை வைத்து ஒரு பேரரசு அவசர அவசரமாக வாக்குக் கொடுத்தது.

மெக்மஹோன் ஹுசைனுக்கு எழுதிய, 1915 அக்டோபர் 24 தேதியிட்ட அந்தக் கடிதத்தைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும். டமாஸ்கஸ், ஹோம்ஸ், ஹமா, அலெப்போ மாவட்டங்களுக்கு மேற்கே உள்ள சிரியப் பகுதிகள் சுதந்திர நிலத்தில் சேராது என்கிறது அது. பிரான்சின் நலனுக்குக் கேடில்லாமல் பிரிட்டன் செயல்படக்கூடிய இடங்களுக்கே வாக்குறுதி பொருந்தும் என்கிறது. பாலஸ்தீனம் என்ற பெயர் எங்குமே இல்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அந்த நான்கு ஊர்களுக்கு மேற்கே இருப்பது லெபனானும் சிரியக் கடற்கரையும். ஜெருசலேம் எவ்வளவோ தெற்கே இருக்கிறது. ஆனால் பாலஸ்தீனத்தையும் விலக்கித்தான் எழுதினோம் என்று 1922இல் பிரிட்டனின் காலனி அமைச்சர் சர்ச்சில் சாதித்தார்.

கடிதத்தின் அந்தத் தெளிவின்மை வெறும் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 1915 டிசம்பரில் இந்திய வைஸ்ராய் ஹார்டிஞ்சுக்கு மெக்மஹோன் எழுதியதே சாட்சி. இப்போதைக்கு அரபுகளை எதிரியிடமிருந்து பிரித்து நம் பக்கம் இழுத்தால் போதும், நம்மைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் வார்த்தைகளோடு முடிகிற காரியம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். கோபம் வராமல் என்னால் இதைக் கடக்க முடியவில்லை. அந்த வார்த்தைகளை நம்பித்தான் ஆட்கள் செத்தார்கள்.

அதே டிசம்பரில், இந்திய அரசின் சார்பில் பெர்சி காக்ஸ் ஹுசைனின் பகைவரும் நஜ்தின் ஆட்சியாளருமான இப்னு சவூதோடு தனி ஒப்பந்தம் போட்டார். 1916 மே மாதம், அரபு நிலத்தைத் தமக்குள் பிரித்துக்கொள்ள பிரிட்டனின் சைக்ஸும் பிரான்சின் பிகோவும் வகுத்த பங்கீட்டை பிரிட்டனும் பிரான்சும் உறுதி செய்தன. அடுத்த மாதமே, எதுவும் தெரியாமல், ஹுசைன் கிளர்ச்சியைத் தொடங்கினார். பிரிட்டனிடமிருந்து அவருக்கு மாதம் 1,25,000 பவுண்ட் தங்கமாகப் போனது. பணத்துக்கு விலைபோனார் என்பவர்கள், அந்த மே 6ஆம் தேதி பெய்ரூட்டிலும் டமாஸ்கஸிலும் சிரியாவை ஆண்ட உதுமானியத் தளபதி ஜெமால் பாஷா அரபுத் தலைவர்களைத் தூக்கிலிட்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரபுகளுக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன.

கிளர்ச்சியில் அரபுகளோடு இருந்த பிரிட்டிஷ் அதிகாரி லாரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டகத்தில் வந்த வெள்ளைக்கார வீரன் என்ற பிம்பம் கெய்ரோவில் இருந்த பிரிட்டிஷ் உளவு அலுவலகமான அரபு பீரோவின் வேலையையே மறைத்துவிடுகிறது. அவரே 1916 தொடக்கத்தில் எழுதிய அறிக்கையில், சரியாகக் கையாண்டால் அரபுகள் ஒன்றுசேர முடியாத, ஒருவர்மேல் ஒருவர் பொறாமைப்படும் சிறு சிறு அரசுகளாகவே இருப்பார்கள் என்று அதை ஒரு நன்மையாகச் சொல்கிறார். பின்னாளில் அந்த வஞ்சனையில் தன் பங்குக்காக வெட்கப்பட்டும் எழுதினார். அந்த வெட்கம் யாருடைய நிலத்தையும் திருப்பித் தரவில்லை.

ஹுசைனைப் புனிதராக்க நான் வரவில்லை. அரபு நாடுகளின் மன்னர் என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டார். பிரிட்டிஷாருக்கு எதிராக இயங்கிய இந்தியாவின் தேவ்பந்த் அறிஞர் மஹ்மூத் ஹசனை, மக்கா இருக்கும் ஹிஜாஸில் பிடித்து அவர்களிடமே ஒப்படைத்தார். மால்டா தீவில் சிறை இருந்தார் அந்த முதியவர். அது மன்னிக்க முடியாத செயல். ஆனால் ஒரு விஷயத்தில் ஹுசைன் வளையவில்லை. 1921இல் லாரன்ஸ் ஜித்தாவுக்கே வந்து வற்புறுத்தியும், பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் அந்நிய ஆட்சியை ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட மறுத்தார். 1924இல் இப்னு சவூத் படையெடுத்தபோது பிரிட்டன் கைவிட்டது. சைப்ரஸில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்து, 1931இல் அம்மானில் இறந்தார்.

அந்தக் கடிதங்களை பிரிட்டன் அதிகாரபூர்வமாக வெளியிட்டது 1939இல்தான். அப்போது அமைத்த குழுவில் பிரிட்டிஷ் தரப்பே, அரபுகளின் வாதத்துக்கு இதுவரை தோன்றியதைவிட வலு அதிகம் என்றும், பாலஸ்தீன மக்களின் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் அந்த மண்ணைத் தம் இஷ்டப்படி கொடுக்கும் உரிமை தமக்கு இருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. வாக்குக் கொடுத்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகும், ஏமாந்தவர்களைத் துரோகிகள் என்று நம் ஆட்கள் இன்னும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.