பரோலில் வந்த பையனும் அந்த ஒரு தாளும்

பரோல் என்றதும் சில நாள் விடுப்பில் வந்துவிட்டு மறுபடி உள்ளே போகும் கைதிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பல நாடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விட்டு, மிச்சக் காலத்தை ஓர் அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிக்கச் சொல்வார்கள். 16, 17 வயதில் உள்ளே போய் இப்படி வெளியே வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

"சீக்கிரம் விட்டும் திருந்தலை பாரு" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மறுபடி உள்ளே போகிறவர்கள் எல்லாரும் புதுக் குற்றம் செய்துவிட்டுப் போவதில்லை. கையெழுத்துப் போட வரவில்லை, இரவு ஒன்பதுக்குள் வீடு திரும்பவில்லை, ஜாகை மாறியதைச் சொல்லவில்லை. இதற்கெல்லாம் நம்மை யாரும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். அவனைப் பிடிப்பார்கள்.

விடுதலையாகும் அன்று நிபந்தனைகள் எழுதிய ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் இருப்பவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். சிக்கல் அடுத்த வாரம் தெரியும். செவ்வாய் மூன்று மணிக்கு அதிகாரியைப் பார்க்க வேண்டும். பள்ளி விடுவது மூன்றரைக்கு. பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடக்கூடாது என்பதும் அதே தாளில் இருக்கிறது. வேலை தேடிக்கொள் என்று இன்னொரு வரி. கிடைக்கும் வேலையோ இரவு பத்துக்கு முடிகிறது. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான், ஒன்றாகச் சேர்ந்தால் கண்ணி.

எங்கே இருக்கிறான் என்று கண்காணிக்கக் காலில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தினமும் சார்ஜ் போட வேண்டும். பல கருவிகளைக் கழற்ற முடியாது, பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே காலை நீட்டி ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் புரண்டு படுக்கையில் வயர் கழன்றுவிடும். விடியற்காலையில் பேட்டரி தீர்ந்தால் கண்காணிப்பவர் திரையில் ஆளைக் காணோம். கனமான கான்கிரீட் கட்டடத்துக்குள் சிக்னல் போனாலும் அதே கதி. பையன் வகுப்பில்தான் இருப்பான்.

போதைப்பொருள் எடுத்தானா என்று பார்க்கும் சிறுநீர்ப் பரிசோதனையிலும் இப்படித்தான். பயத்தில் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் போனால் கொடுக்கும் சிறுநீர் நீர்த்துவிடும். ஏமாற்றப் பார்த்தான் என்று எழுதிவிடும் இடங்களும் உண்டு.

இதைவிடப் பெரிய சங்கடம் மனதில் இருக்கிறது. உள்ளே இருந்தவரை எழுவது, சாப்பிடுவது, குளிப்பது எல்லாமே மணி அடித்து நடந்தது. வெளியே வந்த மறுநாளே நாலு இடத்து நேரத்தை அவனே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களே தடுமாறுவார்கள். ஒரு சந்திப்பைத் தவறவிட்டதும் பயந்துபோய் போனை அணைத்துவிடுகிறான். தவறவிட்டதோடு நின்றிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு போயிருக்கும். போனை அணைத்ததால் தலைமறைவு என்று ஆகிவிடுகிறது. அந்தப் பயத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் "இப்பவே போன் போடு, நான் பக்கத்தில் இருக்கேன்" என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

இது ஏதோ கருணை காட்டச் சொல்லும் பேச்சு இல்லை. சிறாருக்கான ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகள், நிபந்தனையோடு விடுவிக்கப்பட்ட பிள்ளைக்குக் கண்காணிப்போடு உதவியும் வேண்டும் என்கின்றன. சிறைக்கு மாற்றான நடவடிக்கைகளுக்கான ஐ.நா.வின் 1990 டோக்கியோ விதிகள் இன்னும் வெளிப்படை: நிபந்தனைகள் நடைமுறைக்கு ஒத்தவையாக, துல்லியமாக, முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும், மீறினால் தானாகவே சிறை என்று ஆகக்கூடாது. ஆனால் தாளில் ஒரு வரி கூட்டுவதற்கு யாருக்கும் செலவில்லையே, கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

பெற்றவர்கள் செய்ய வேண்டியது, முதல் சந்திப்புக்கே அந்தத் தாளையும் பள்ளி நேரத்தையும் கூடவே எடுத்துப் போவது. இடிக்கும் நேரத்தை அங்கேயே காட்டி, மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சரி என்ற அதிகாரி மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவருக்குத் தாளில் உள்ளதுதான் தெரியும். ஒவ்வொரு முறை போய் வந்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

"தகாத சகவாசம் கூடாது" என்ற வரி இருந்தால் யார் யார் என்று பெயர் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் சொந்த அண்ணன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இரண்டு பேரும் ஒரே அறையில் படுப்பவர்கள் என்பதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.