நின்ற தண்ணீரில் ஒட்டுவதை வைத்து முடிவு கட்டாதீர்கள்

புற்றுநோய் செல் எலும்பு மஜ்ஜை ரத்தக்குழாயில் ஒட்டுகிறதா என்று பார்க்க, தட்டில் செல்லை ஊற்றி, அரைமணி நேரம் விட்டு, கழுவிவிட்டு மிச்சத்தை எண்ணும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை மட்டும் நம்பி முடிவு சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. உடம்பில் ரத்தம் நிற்பதில்லை. ஓடுகிற செல்லை முதலில் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அந்த முதல் பிடி இ-செலக்டின் என்ற புரதம். பெரும்பாலான இடங்களில் அழற்சி வந்தால்தான் குழாயின் உட்சுவரில் இது தலைகாட்டும். மஜ்ஜையில் எப்போதும் இருக்கிறது. செல்லின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் அதில் மாட்டி, விட்டு, மறுபடி மாட்ட, செல் உருளும். அப்போது சுவரிலிருக்கும் எஸ்டிஎஃப்-1 என்ற சமிக்ஞைப் புரதம், அதை உணரும் செல்லின் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4-ஐத் தட்டும். செல்லின் மேலுள்ள இன்டெக்ரின்கள் என்ற ஒட்டுப் புரதங்கள் விழித்து, சுவரிலுள்ள விகாம்-1 என்ற புரதத்தை இறுகப் பிடிக்கும். 2005-இல் எலி மண்டையோட்டு மஜ்ஜையில் நேரடியாகப் பார்த்தபோது, ரத்தப் புற்றுநோய் செல்கள் எல்லாக் குழாயிலும் ஒட்டவில்லை. இ-செலக்டினும் எஸ்டிஎஃப்-1-உம் சேர்ந்திருந்த திட்டுகளில்தான் ஒட்டின.

ஆகவே குழாயின் உட்சுவர்ச் செல்களின் மேல் புற்றுநோய் செல்களை ஓடவிட்டுப் பார்க்கும் ஓட்ட அறைதான் சரி. உட்சுவருக்குத் தொப்புள்கொடிச் சிரையின் உட்சுவர்ச் செல்களை வளர்த்தால், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் இ-செலக்டின் பெருமளவு இறங்கியிருக்கும். "ஒட்டவில்லை" என்ற பொய் முடிவு வரும். புற்றுநோய் செல்லைத் தட்டிலிருந்து, புரதத்தை அறுக்கும் நொதியான டிரிப்சினால் பெயர்த்தால் ஒட்ட வேண்டிய புரதமே அறுபடலாம். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏவால் பெயர்க்கலாம், ஆனால் நன்றாகக் கழுவி கால்சியம் உள்ள கரைசலுக்கு மாற்றுங்கள். கால்சியம் இல்லாமல் செலக்டின் பிடிக்காது. 40 மைக்ரான் வலையில் வடிகட்டாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிய செல் திரள்கள் சிக்கி நிற்கும், அதைப் பார்த்தால் ஒட்டியதுபோலவே இருக்கும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தால் போதும், கீழே வளர்ந்த செல்விரிப்பையே வழித்துக்கொண்டு போய்விடும். ஓட்டம் சுவரை உராயும் விசையை சதுர செ.மீ.க்கு 1 டைன் அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, உருள்வதையும் நிற்பதையும் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவது பெரிய அநியாயம். உருண்டு போனது வேறு, நின்றது வேறு.

கூடவே இ-செலக்டினை மறிக்கும் ஆன்டிபாடி போட்டு ஒரு ஓட்டம் ஓட்டுங்கள். அதிலும் எண்ணிக்கை குறையவில்லையென்றால், நீங்கள் எண்ணியது செலக்டின் பிடியே அல்ல.