கல்திட்டை புதையலுக்கு அடையாளமா?

பாறையில் வெட்டிய கூட்டல் குறியும் கல்திட்டை (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த பழைய கட்டுமானம்) வாசல் பார்க்கும் திசையும் புதையலுக்கு வழிகாட்டும் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. பழனிமலையில் இருக்கிற எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் குள்ளர் வீடு என்று சொல்கிற கல்திட்டைகள் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள், அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்காகப் பெரிய கற்களால் எழுப்பியவை. இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே பழனிமலைக் கல்திட்டைகளுக்கென்று தனி நூல் வெளியிட்டிருக்கிறது. தாண்டிக்குடி அகழாய்வில் பானைகளோடு சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணிகளும் வந்தன. சூதுபவளம் இந்த மலைக் கல்லே இல்லை, வெளியிலிருந்து வந்தது. அந்தக் காலத்திலேயே மலைக்கும் சமவெளிக்கும் வியாபாரம் நடந்திருக்கிறது! கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, அந்தக் குறி? நில அளவைக்காரர்களும் எல்லை காட்டப் பாறையில் குறி வெட்டுவார்கள். முதலில் அதை விசாரித்திருக்க வேண்டும்.

இப்படி எழுதினால் கடப்பாரையோடு கிளம்ப ஆள் இருக்கிறது. மூடுகல்லைப் புரட்டிவிட்டால் எந்த மணி எந்தப் பானையோடு இருந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அப்புறம், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எது கிடைத்தாலும் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். கட்டுரையில் அதையாவது சேருங்கள்.